வால் சரியில்லாத படகு

அடி ஸ்க்ரூவைக் கழற்றியதும் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் வந்தது.

பாண்டிதுரை தன் வீட்டு வாசலில் மல்லாக்கப் படுத்து, படகின் பின்பக்கம் தொங்கிய கனத்த உலோகக் காலுக்கு அடியில் ஒரு பழைய சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் கறுப்பாக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படி வெளுத்து, நுரைத்துக்கொண்டு வருகிறதென்றால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் மனைவி முனீஸ்வரி கையில் டம்ளரோடு வெளியே வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"நான் இப்பத்தான் காப்பியே கொண்டாரேன். அதுக்குள்ள அங்க யாரு ஊத்துனா?"

"இது காப்பி இல்ல முனீஸு. கியர் ஆயிலு."

"கியர் ஆயிலு இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கக் கூடாது."

"அப்ப ஓடாதா?"

"ஓடும். சீல் போயிருக்கு. மாத்திட்டா ஓடிரும்."

"எப்ப?"

"ஒரு வாரத்துல."

"ஒரு வாரந்தானாக்கும்," என்றாள் முனீஸ்வரி. டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேலி செய்கிறாள் என்று பாண்டிதுரை நினைத்துக்கொண்டார்.

பாண்டிதுரை பட்டாளத்தில் லாரியும் ஜீப்பும் பழுது பார்த்தவர். அங்கிருந்து வந்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின் பழுது பார்த்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத நாள் கிடையாது. போன சித்திரையில் மில்லில் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதோடு சரி. தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சத்யப்பிரியா போன் செய்தால், "ம்" என்பார், பிறகு இன்னொரு "ம்" என்பார், போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். நகக்கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

மிக்ஸி நின்றுபோனபோது முனீஸ்வரி அதைத் தூக்கிவந்து அவர் மடியிலேயே வைத்தாள். அரைமணி நேரத்தில் அது ஓடியது. அவர் மறுபடி தெருவைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்து மின்விசிறி மக்கர் செய்தது. அதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

ஆடி மாதத்தில்தான் அந்த போன் வந்தது.

"அண்ணாச்சி, தூத்துக்குடியில இருந்து ஐயாதுரை பேசுதேன். பழைய மெஷினு வாங்கி விக்கிற ஆளு. இங்க ஒரு மோட்டார் போட்டு கெடக்கு. ஸ்டெர்ன் டிரைவ்னு சொல்லுவாக. எஞ்சினு போட்டுக்குள்ள இருக்கும், அத ஓட்டுற வாலு வெளிய தண்ணிக்குள்ள தொங்கும். ஒரு மெக்கானிக்கும் கிட்ட வர மாட்டேங்கான். நீங்க பெரிய வேலைக்காரர்னு கேள்விப்பட்டேன். உங்களாலயும் முடியாதுன்னா சொல்லிருங்க, பழைய இரும்புக்குப் போட்டுருதேன்."

'உங்களாலயும் முடியாதுன்னா' என்ற இடத்தில் பாண்டிதுரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் படகு லாரியில் வந்து இறங்கியது. அது வாசலை அடைத்துக்கொண்டு, மூக்கைத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு ஆனந்தவல்லி பூப்பறித்துக்கொண்டிருந்தவர் கூடையோடு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"ஏமி இதி? என்ன இது?" என்று தமிழுக்கு மாறினார். "ஏன் முனீஸு, வெள்ளம் கிள்ளம் வரும்னு டிவியில சொன்னாகளா?"

"என்னையக் கேட்டா?" என்றாள் முனீஸ்வரி. "கடல் எங்க கெடக்கு, ராஜபாளையம் எங்க கெடக்கு. எவன் அந்த ஐயாதுரைங்கிறவன்? என் கண்ணுல மட்டும் படட்டும்."

அன்று மத்தியானம் பாண்டிதுரை இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஐயாதுரையை மனைவி திட்டியது அவர் காதில் விழவே இல்லை. வால் எந்தப் பக்கம் கழலும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தனியாளாகக் கழற்ற முடியாது என்று தெரிந்ததும் ஷாகுல் ஹமீதைக் கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இருவரும் மாமா, மாப்ளை என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஷாகுல் ஹமீது படகைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். வாலைத் தட்டிப் பார்த்தார்.

"போட்டு வேலை பாத்திருக்கியா மாப்ள?" என்று கேட்டார் பாண்டிதுரை.

"பாத்ததில்ல மாமா. நீங்க?"

"நானும் பாத்ததில்ல."

"அப்ப யாரு தப்பு பண்ணாலும் இன்னொருத்தருக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஷாகுல் ஹமீது சட்டைக் கையை மடித்தார்.

வாலைப் படகோடு பிடித்திருந்த நட்டுகளைக் கழற்றி, கீழே விழாமல் இறக்க வாசலோர மாமரக் கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார்கள். வால் அசைந்து கொடுத்தது. மெதுவாக வெளியே வந்தது. ஷாகுல் ஹமீது "பிஸ்மில்லா" என்றார். கிளை முறிந்தது. வால் நேராகப் போய் முனீஸ்வரியின் துணி துவைக்கும் கல்லில் விழுந்து, கல்லை இரண்டாகப் பிளந்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு முனீஸ்வரி ஓடிவந்தாள்.

"கால்ல விழுந்துச்சா?"

"கல்லுலதான் விழுந்துச்சு," என்றார் பாண்டிதுரை.

அவள் அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தாள். ஷாகுல் ஹமீதின் கால்களையும் பார்த்தாள். பிறகுதான் கல்லைப் பார்த்தாள். "அது எங்க அம்மா வீட்டுல இருந்து வந்த கல்லு," என்று மட்டும் சொன்னாள்.

"வாலுக்கு ஒண்ணும் ஆகலக்கா," என்றார் ஷாகுல் ஹமீது ஆறுதலாக.

வாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதோடு ஒட்டியிருந்த ரப்பர் துருத்தி கிழிந்துவிட்டது. எஞ்சினிலிருந்து வாலுக்குப் போகும் தண்டைச் சுற்றித் தண்ணீர் படகுக்குள் வராமல் காப்பது அதுதான். ஐயாதுரைக்குப் போன் போட்டார்கள்.

"அது கொச்சியில இருந்துதான் வரணும் அண்ணாச்சி," என்றார் ஐயாதுரை. "நாளாகும். அவசரப்படாதீக."

பாண்டிதுரைக்கு அவசரம். மில்லில் ஒரு மெஷின் நின்றால் மேனேஜர் பின்னாலேயே வந்து நிற்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஷாகுல் ஹமீது டிராக்டர் ட்யூபை வெட்டி, ஒட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி ஒரு துருத்தி செய்துவிட்டார். பார்க்க அசலைவிட நன்றாக இருந்தது. சீல்களை மாற்றி வாலைத் திரும்ப மாட்டினார்கள்.

"ஓடிருச்சா?" என்று சாயங்காலம் முனீஸ்வரி கேட்டாள்.

"இன்னும் இல்ல."

அன்று ரசத்தோடு அப்பளமும் வந்தது. வேலை முடியாத நாள்களில் சாப்பாடு கூடுதல் ருசியாக இருப்பதைப் பாண்டிதுரை கவனித்திருந்தார். பாவம் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் வாலின் பக்கத்திலுள்ள துளைகளில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைச் சூடேறாமல் வைத்திருக்கும். ஆற்றிலோ கடலிலோ தானாகக் கிடைப்பதைத் தரையில் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். ஷாகுல் ஹமீது கக்கூஸ் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம் இரண்டு வாங்கிவந்து, ஓட்டை போட்டுத் தண்ணீர்க் குழாயைச் சொருகி, வாலின் இரண்டு பக்கமும் காதைப் பொத்தினாற்போல் கட்டினார். குழாயின் மறுமுனை மாடித் தொட்டிக்குப் போனது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது. பாண்டிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அது புகையினால் என்று சொல்லிக்கொண்டார்.

"கியர் போட்டுப் பாருங்க மாமா."

பாண்டிதுரை கியர் போட்டார். வாலின் நுனியிலிருந்த விசிறி சுழன்றது. வால் வழியாக வெளியே வந்துகொண்டிருந்த கரித்தண்ணீரை அது வாரி எடுத்து எதிர்வீட்டுக்கு வீசியது. ஆனந்தவல்லி வீட்டுக் கொடியில் கல்யாணத்துக்குப் போவதற்கென்று வெளுத்து உலர்த்திய வேட்டிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கமிருந்து வந்த சத்தத்தில், மாடித் தொட்டி காலியானது யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் நின்ற பிறகும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் சின்ன ரப்பர் சக்கரம் பொசுங்கிவிட்டது.

முனீஸ்வரி வேட்டிகளை வாங்கிவந்து தானே துவைத்தாள், உடைந்த கல்லின் பெரிய பாதியில். முறைத் தண்ணீர் வரும்வரை அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கினாள்.

"நான் தூக்குதேன்," என்றார் பாண்டிதுரை.

"நீங்க அந்த ரப்பரு சக்கரத்தப் பாருங்க. யாருக்கு எது தெரியுமோ அதத்தானே பாக்கணும்."

அதுவும் குத்தலாகத்தான் கேட்டது.

புது ரப்பர் சக்கரம் வந்துசேரும்போது ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வத்திராயிருப்புப் பக்கம் கண்மாய்கள் நிறைந்தன. அங்கே ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த கண்ணுச்சாமி, பாண்டிதுரைக்குத் தூரத்துச் சொந்தம். "கொண்டாங்கண்ணே. மீனுக்குத் தீவனம் போட எனக்கும் ஒரு போட்டு ஆகும்," என்றார்.

படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் பாண்டிதுரை ஷாகுல் ஹமீதிடம் மெதுவாகச் சொன்னார்.

"பட்டாளத்து வண்டி, மில்லு மெஷினுன்னு நான் பாத்த எதுலயும் முனீஸு ஏறுனதில்ல மாப்ள. இதுலயாவது ஏத்தணும்."

"இன்னைக்கே ஏத்திருவோம் மாமா."

"மொதல்ல நான் ஒரு சுத்து போயிட்டு வாரேன். எதுக்கும் இருக்கட்டும்."

கண்மாய்க் கரையில் ஊரே கூடியிருந்தது. முனீஸ்வரி ஆனந்தவல்லியோடு கரைமேல் நின்றாள். படகு தண்ணீரில் இறங்கி அழகாக மிதந்தது. பாண்டிதுரை ஸ்டியரிங்கைப் பிடித்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்து, முன்னால் போகும் கியரைப் போட்டார்.

படகு பின்னால் போனது.

கியர் கேபிளை மாற்றி மாட்டியிருந்தார்கள். பாண்டிதுரை பதறி இன்னும் அழுத்தினார். படகு இன்னும் வேகமாகப் பின்னால் போய், கரையோரம் சுகமாகக் கிடந்த எருமைகளைக் கிளப்பிவிட்டது. எருமைகள் கரையேறின. கரையில் நின்ற சனம் மரமேறியது. ஒருவழியாக விஷயம் பிடிபட்டு, பின் கியரைப் போட்டு முன்னால் கிளம்பினார். ஆட்கள் கைதட்டினார்கள். கண்மாயின் நடுவை நோக்கிப் போகும்போது பாதம் ஈரமானது. குனிந்து பார்த்தார். டிராக்டர் ட்யூப் துருத்தி வாய் பிளந்திருந்தது.

படகு அவசரமே இல்லாமல் அமிழ்ந்தது. பாண்டிதுரை இருக்கையை விட்டு எழவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்து நின்ற பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்று கரையிலிருந்து கண்ணுச்சாமி கூப்பிட்டார். "எந்திரிச்சு நடந்து வாங்க. அங்க இடுப்பளவு தண்ணிதான்."

படகைக் கண்மாயிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் விடிந்ததும் பாண்டிதுரை பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். இப்போது வாசல் காலியாக இருந்தது. தெரு முழுதாகத் தெரிந்தது. இட்லி ஆறியது. ஷாகுல் ஹமீதின் போனை அவர் எடுக்கவில்லை.

முனீஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள். வெகுநேரம் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எஞ்சினு தண்ணிக்குள்ள கெடந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"துருப்பிடிக்கும்."

"எம்புட்டு நேரத்துல?"

"நல்ல தண்ணிங்கிறதால உடனே ஆகாது. இன்னைக்குள்ள வெளிய எடுத்து, பிளக்கக் கழத்தி, தண்ணிய வெளியேத்தி, ஆயில் ஊத்திச் சுத்திவிட்டா பொழச்சுக்கிடும்."

"நாளைக்குன்னா?"

"நாளைக்குன்னா பிஸ்டன் பிடிச்சுக்கிடும்."

"இப்ப மணி என்ன?"

பாண்டிதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"சாப்பிட்டுப் போங்க," என்றாள் முனீஸ்வரி. குரல் லேசாக உடைந்திருந்தது. ஊர் சிரித்த அவமானம் அவளுக்கும் இருக்கும்தானே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த முறை அவர்கள் அவசரப்படவில்லை. படகைத் தூக்கிவந்து எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். எண்ணெயை ஊற்றி ஓட்டி வடித்து, திரும்பவும் ஊற்றி வடித்து, பால் நிறம் சுத்தமாகப் போகும்வரை விடவில்லை. தண்டைக் கையால் சுற்றியபோது உள்ளே ஒரு பேரிங் கரகரத்தது. அதையும் மாற்றினார்கள். கொச்சியிலிருந்து அசல் துருத்தி வரும்வரை பாண்டிதுரை காத்திருந்தார். காத்திருந்த நாள்களில் வாலைத் தேய்த்து வண்ணம் பூசினார். சாப்பிடும்போது தட்டில் சோற்றைக் குவித்து, இது எஞ்சின், இந்த முருங்கைக்காய்தான் தண்டு, இது வால் என்று முனீஸ்வரிக்கு விளக்கினார். சத்யப்பிரியா போன் செய்தால் அரைமணி நேரம் அவரே பேசினார். "அம்மாகிட்ட குடுங்கப்பா," என்று அவள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஒருநாள் ஆனந்தவல்லி, "இன்னுமா சரியாகல?" என்று கேட்டபோது, பூத்தொடுத்துக்கொண்டிருந்த முனீஸ்வரி தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"பேரிங் மாத்தியாச்சு. இனி எஞ்சினுக்கும் வாலுக்கும் நேர் பாக்கணும். அது கோணலா இருந்தா புது பேரிங்கும் போயிரும்."

ஆனந்தவல்லி பூவை வாங்கிக்கொண்டு, அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

தை பிறந்த பிறகு படகு மறுபடி கண்மாயில் இறங்கியது. கூட்டம் குறைவுதான். எருமைகளைக் கண்ணுச்சாமி முன்னதாகவே ஓட்டிவிட்டிருந்தார். பாண்டிதுரை தனியாக ஒரு சுற்று போனார். முன் கியரில் படகு முன்னால் போனது. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. கரைக்குத் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"வா."

முனீஸ்வரி செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். தன் செல்போனை அவர் சட்டைப் பையில் போட்டாள். "நனைஞ்சிராம வச்சிருங்க," என்றாள்.

படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. எதிரே மேற்கு மலை நீலமாக நின்றது. நாமக்கோழிகள் தத்தித் தத்திப் பறந்தன. காற்று முனீஸ்வரியின் தலைமுடியைக் கலைத்தது. அவள் ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவள் அவர் தோளைப் பிடித்ததில்லை.

"பயமா இருக்கா?"

"ரிப்பேர் பாத்த ஆளு பக்கத்துலதான இருக்காரு. எனக்கு என்ன பயம்."

கண்மாய் நடுவில் போய் எஞ்சினை நிறுத்தினார். படகு அசைந்தாடிக்கொண்டு நின்றது. எங்கும் சத்தமே இல்லை. அவர் விரல்களை முனீஸ்வரி எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"எல்லாம் சரியாயிருச்சா?"

"எல்லாம் சரி. இன்னும் பத்து வருஷத்துக்கு இத யாரும் தொட வேண்டாம்."

"இனி செய்யுறதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் முகம் சட்டென்று வாடியது. இன்னொரு சுற்று போக ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் அந்த 'ஒண்ணுமே இல்ல'வைச் சொன்னபோது அவருக்கும் நெஞ்சுக்குள் எதுவோ காலியானதுபோல்தான் இருந்தது. நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது?

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. முனீஸ்வரியின் போன். அவள் கையை நீட்டுவதற்குள், கண்ணாடி இல்லாமல் பெயர் தெரியாத பாண்டிதுரை பச்சையை அழுத்திவிட்டார். தவறுதலாக ஸ்பீக்கரும் அழுந்திவிட்டது. ஹலோ சொல்லக்கூட விடாமல் ஒரு குரல் கண்மாய் முழுக்கக் கேட்டது.

"அக்கா, ஐயாதுரை பேசுதேன், போட்டு ஓடிருச்சுன்னு ஷாகுல் பாய் இப்பத்தான் சொன்னாரு, லேசுல சரியாகாததாப் பாத்து அண்ணாச்சி தலையில கட்டுன்னு நீங்க சொன்னீகளேன்னு தேடித் தேடித்தான் இத அனுப்புனேன், இதையும் சரி பண்ணிப்புட்டாரே, அடுத்தாப்புல ஒரு பழைய ரோடு ரோலர் பாத்து வச்சிருக்கேன், அனுப்பட்டுமா?"